தெருவில் பழைய பேட்டரி சேகரிக்கப் போகிறீர்களா? பெட்டி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

திருச்சியில் உங்கள் குடியிருப்பில் 160 வீடுகள். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, பொங்கலுக்கு முன் முடியுமா, சேர்ந்ததை யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் கடைசியாகக் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் விடை வேண்டும். வாங்கிக்கொள்ளப் போகிறவர் யார் என்று உறுதியாகும் வரை ஒரு டப்பாவைக்கூட வாசலில் வைக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்பில் இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறோம். முதல் வருடம் நோட்டீஸ் ஒட்டினோம், பெட்டி வைத்தோம், ஜனங்களும் அள்ளிக் கொண்டுவந்து போட்டார்கள். நான்கு மாதத்தில் நாற்பது கிலோ போலச் சேர்ந்தது. அப்புறம்தான் எங்கே கொடுப்பது என்று விசாரிக்கப் போனோம். ஓர் அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். ஒரு கடையில் லேப்டாப் பேட்டரி மட்டும் போதும் என்றார்கள். மீதியெல்லாம் சாக்கு மூட்டையாக வாட்ச்மேன் அறைக்குப் போனது. ஐப்பசி மழையில் சாக்கு நனைந்து, செல்கள் கசிந்து, வெள்ளையாகப் பொடி பூத்தது. ஒரு ராத்திரி ரப்பர் கருகுகிற வாடை அடித்து வாட்ச்மேன் அண்ணன் எழுந்து பார்த்தால் மூட்டையின் ஒரு மூலையில் புகை. யாரோ பழைய மைக்கிலிருந்து கழற்றிப் போட்ட சதுரமான 9 வோல்ட் பேட்டரி. அதன் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில், அரை அங்குல இடைவெளியில் இருக்கும். வேறொரு செல்லின் தட்டையான அடிப்பாகம் அந்த இரண்டு முனையின் மேலும் ஒருசேரப் படிந்ததில் மின்சாரம் நேராகப் பாய்ந்து சூடேறிவிட்டது. அண்ணன் மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு இரண்டு சட்டி மணலைக் கொட்டினார். அவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்துக்கும் அந்த மூட்டைக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. தப்பு முழுக்க எங்களுடையது. இன்றைக்கு நாங்கள் கடைப்பிடிக்கிற எல்லா முறையும் அந்த ராத்திரிக்குப் பிறகு வந்ததுதான்.

சரி, யாரிடம் கொடுப்பது? நாங்கள் தொடங்கியபோது இருந்ததைவிட இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2001-ல் வந்த பழைய பேட்டரி விதிகள் கார், இன்வெர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிகளுக்கு மட்டும்தான். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கடிகார செல் முதல் மின்சார வாகன பேட்டரி வரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. விற்ற கம்பெனியே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும், குப்பை மேட்டுக்கோ எரிப்பதற்கோ அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். சிறு பேட்டரிகளில் இருக்கும் பொருளில் எத்தனை சதவீதத்தை மறுசுழற்சி ஆலை மீட்டெடுக்க வேண்டும் என்பதற்கும் இலக்கு இருக்கிறது: 2024-25ல் 70, அடுத்த ஆண்டு 80, 2026-27 முதல் 90. நம் பக்கத்துக் கடமையும் அதில் உண்டு. பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்க வேண்டும். பேட்டரி மேல் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி ஒன்றைக் குறுக்கே அடித்த மாதிரி ஒரு படம் இருக்குமே, அதற்கு அர்த்தம் இதுதான்.

மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவர்கள் விவரம் கிடைக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று பேரிடம் போனில் பேசுங்கள். பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். எந்தெந்த வகை எடுப்பீர்கள், குறைந்தது எத்தனை கிலோ இருந்தால் வண்டி அனுப்புவீர்கள், அதற்குப் பணம் உண்டா, யார் யாருக்குக் கொடுப்பது என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். லேப்டாப், செல்போன் பேட்டரிகளில் கோபால்ட், நிக்கல் இருப்பதால் அதற்கு விலை உண்டு. ரிமோட்டில் போடுகிற பென்சில் செல்லில் இருப்பது துத்தநாகம், மாங்கனீசு, ஒரு தகரக் கூடு. அதைப் பிரித்தெடுக்கிற செலவு அந்தச் சரக்கின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே இலவசமாக எடுத்துக்கொண்டாலே நல்லது, சிலர் வண்டி வாடகை கேட்பார்கள். சங்கத்தின் கணக்கில் அதற்கு ஒரு சிறு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

எடைதான் அடுத்த தடை. ஒரு பென்சில் செல் சுமார் 23 கிராம். நாற்பது நாற்பத்தைந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ. 160 வீட்டில் வீட்டுக்குப் பத்து கிடைத்தாலும் 40 கிலோவைத் தாண்டாது. அதற்காகத் தனி வண்டி வராது. பக்கத்துக் குடியிருப்புகள் மூன்று நான்கையும் ஒரு பள்ளியையும் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒரே வாரத்தில் சேகரித்து ஒரே இடத்தில் வண்டியில் ஏற்றுங்கள். கூடவே உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். 2016-ன் திடக்கழிவு விதிகளிலேயே பழைய பேட்டரி வீட்டு அபாயக் கழிவு என்ற பட்டியலில் வந்துவிட்டது, அதை வாங்கிக்கொள்ள மையம் வைக்கும் பொறுப்பை அந்த விதிகள் உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுத்தன. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மறுசுழற்சிக்காரர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அந்தக் கையெழுத்துதான் துணை.

கார், பைக், இன்வெர்ட்டர் பேட்டரிகளை உங்கள் சேகரிப்பில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முதலாவது, அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். நல்ல விலை போகும். காசு வருகிற பொருளைச் சும்மா கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள், அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. இரண்டாவது, உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது, பிள்ளைகள் கையாளுகிற பொருள் அது இல்லை. ஆனால் அது எங்கே போக வேண்டும் என்பதை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுங்கள்: புதிய பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ரசீதும் வாங்குங்கள் என்று. காரணம், தெருமுனையில் விற்பது பல நேரம் எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் சம்மட்டியால் உடைபட்டு, திறந்த அடுப்பில் உருகிப்போகிறது. செனகல் நாட்டில் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் அப்படித்தான் பேட்டரி ஈயத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்துபோனார்கள். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கிறது என்று 2020-ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. முறையில்லாமல் பேட்டரி உடைப்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. இதைச் சொன்னால் சில பாட்டிமார் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை எண்ணிப் பயந்துவிடுவார்கள். அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இதற்காகப் பழைய இரும்புக் கடைக்காரரை எதிரி மாதிரி நடத்தக் கூடாது. நம் ஊரில் மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே தள்ளுவண்டியும் தராசுமாக அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள். எங்கள் பகுதி காயலான் கடை அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்து பேசினோம். சின்ன செல்களுக்குக் காசு கிடைக்காததால், ரேடியோ, பொம்மைகளை உடைக்கும்போது அவற்றைக் குப்பையில் வீசிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு வைக்கிறார். எங்களுக்கு வருடத்தில் அதிகமாகப் பேட்டரி தருகிறவர் அவர்தான்.

இனி சேகரிப்பு. நிரந்தரமாக ஒரு பெட்டியை வைத்துவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் அதற்கு எதிர்ப்பு. ஆள் இல்லாத பெட்டியில் எது வேண்டுமானாலும் விழும். எங்கள் பெட்டியில் உடைந்த டியூப்லைட், ஊசி, வாழைப்பழத்தோல் எல்லாம் கிடைத்தன. அதைவிட, யார் எதைப் போட்டார்கள், முனையில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை இரண்டு மணி நேரம், ஒரு மேஜை, இரண்டு பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதுவரை சேர்த்து வைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். இரும்பு டப்பா கூடாது. டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

மேஜையில் நான்கு பிளாஸ்டிக் வாளிகள். ஒன்றில் சாதாரணக் கட்டை பேட்டரியும் பென்சில் செல்லும். இன்னொன்றில் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகைகள், அதாவது பழைய கார்ட்லெஸ் போன், ஷேவர், கேமராவில் இருந்தவை. இவற்றில் நிக்கல் காட்மியம் என்று எழுதியிருந்தால் கவனம், காட்மியம் கடுமையான நஞ்சு. மூன்றாவதில் செல்போன், லேப்டாப், பவர் பேங்க் போன்ற லித்தியம் அயான். நான்காவதில் பட்டன் செல். எல்லாமே ஐந்து லிட்டர் வாளியாக இருக்கட்டும். இருபது லிட்டர் கேன் நிறையப் பென்சில் செல் போட்டால் முப்பது கிலோவைத் தாண்டிவிடும், கைப்பிடி பிய்ந்துவிடும்.

டேப் ஒட்டும் வேலைதான் இந்த முழுக் காரியத்திலும் உயிர்நாடி. 9 வோல்ட், லித்தியம் என்று எழுதியிருக்கும் எதுவானாலும், பட்டன் செல் எல்லாவற்றுக்கும் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிய பிறகுதான் வாளிக்குள் போக வேண்டும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்று கேட்பார்கள். கடிகாரம் நின்றுபோனாலும் செல்லுக்குள் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும். அந்தக் காலத்தில் டார்ச் லைட் மங்கினால் கட்டை பேட்டரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவார்களே, அந்த மிச்சத்தை வைத்துத்தான். பட்டன் செல்லை ஒரு நீள டேப்பில் வரிசையாக ஒட்டி மேலே இன்னொரு டேப்பை ஒட்டிவிட்டால் மாத்திரைப் பட்டை மாதிரி ஆகிவிடும். எண்ணுவதற்கும் சுலபம், சிந்தாது.

உப்பிப்போன செல்போன் பேட்டரி வந்தால் அதை வாளியில் சேர்க்காதீர்கள். அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் ஆபத்து. உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நொடியில் தாண்டித் தீப்பிடிக்கும். காய்ந்த மணல் நிரப்பிய மண் தொட்டியில் புதைத்துத் திறந்தவெளியில், வண்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி உள்ளேயே பதிந்திருக்கும் பொம்மை, டிரிம்மர், இயர்போன் ஆகியவற்றை நெம்பித் திறக்க வேண்டாம். அப்படியே மின்னணுக் கழிவாகத் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

அன்றைக்கே வண்டி வருவது உத்தமம். சில நாள் வைத்திருக்க வேண்டி வந்தால் மழை படாத, வெயில் நேராக விழாத, காற்றோட்டமான இடம் வேண்டும். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, கசியும் செல்லிலிருந்து வாயு வரும். பல அடுக்குமாடிகளில் காலி இடம் என்றால் ஈ.பி. மீட்டர் அறையும் மாடிப்படிக்குக் கீழும்தான். இரண்டுமே கூடாது. ஒன்றில் தீப்பொறி இருக்கும், மற்றது தீப்பிடித்தால் ஜனங்கள் இறங்கி ஓட வேண்டிய வழி. கசிந்த செல்லைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அந்த வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் எரியும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். லித்தியம் பேட்டரியைக் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பிள்ளைகளைச் சேர்ப்பது நல்ல யோசனை, ஆனால் அவர்கள் கையில் பேட்டரியைக் கொடுக்க வேண்டாம். நான் படித்த பள்ளியில் கரும்பலகை வெளுத்துவிட்டால் பழைய கட்டை பேட்டரியைக் கல்லால் உடைத்து, உள்ளே இருக்கும் கரியை ஊமத்தை இலையோடு அரைத்துப் பலகையில் பூசுவோம். இரண்டு நாளைக்கு நகத்துக்குள் கறுப்பு போகாது, அதோடு சாப்பாட்டையும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தக் கரியில் பெரும்பகுதி மாங்கனீசு டையாக்சைடு என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லித் தராததால் செய்தோம். இன்றைய பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரலாம். வீட்டில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்று எண்ணி எழுதிவரச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரம், ரிமோட், பேட்டரி போடுகிற கேஸ் லைட்டர், எடை மெஷின், தாத்தாவின் காது மெஷின் என்று பட்டியல் நீளும்போது அம்மா அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நோட்டீஸ் ஒட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

யார் அதிகக் கிலோ கொண்டுவருகிறார்கள் என்று போட்டி மட்டும் வைக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை வைத்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பொறுக்கிக்கொண்டு வந்தான். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்திருந்தது. எத்தனை வீடுகளைப் பங்கெடுக்க வைத்தார்கள் என்று எண்ணினால் போதும்.

பட்டன் செல் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். நாணயம் மாதிரி இருக்கும் லித்தியம் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் ஆழமாக அரித்துப் புண்ணாக்கிவிடும். காசு முழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்து அடுத்த நாள் வரை பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். இதில் அப்படிக் காத்திருக்கவே கூடாது. சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, இப்போது வருகிற பென்சில் செல்லில் பாதரசமே இல்லை, அமெரிக்காவில் பல மாநிலங்களில் சாதாரணக் குப்பையிலேயே போடலாம் என்கிறார்களே, நமக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பார். நல்ல கேள்வி, அவர் சொல்வதும் உண்மைதான். அங்கே குப்பை போகும் இடத்தில் அடியில் விரிப்புப் போட்டு, கசியும் நீரை வடித்தெடுக்கிறார்கள். நம் குப்பை திறந்த கிடங்குக்குப் போகிறது. அரியமங்கலம் கிடங்கில் எத்தனை முறை தீப்பிடித்திருக்கிறது என்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததை நாங்களும் பார்த்தோம். கிடங்குக்குப் போவதற்கும் முன்னால், அந்தக் குப்பையை வீட்டு வாசலில் கையால் பிரிக்கிறவர் தூய்மைப் பணியாளர் அக்கா. கசிந்த செல்லும் உடைந்த லித்தியமும் முதலில் படுவது அவர் விரலில்தான். கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் அவர் கையைக் காட்டிப் பேசிய பிறகு ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வண்டி ஏற்றும்போது வகைவாரியாக எடை போட்டு, பதிவு எண்ணோடு ரசீது வாங்கி, அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். எங்கே போனது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவையும் கொண்டுவருவார்கள்.

தேதி விஷயம். பொங்கலுக்கு முன் என்றால் போகியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒழிக்கும்போது அலமாரியின் மூலையிலிருந்து பழைய ரிமோட்டும் பொம்மையும் வெளியே வரும், பேட்டரியோடு சேர்த்து அவை போகி நெருப்பில் விழுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கார்த்திகை முடிவதற்குள் மறுசுழற்சிக்காரரையும் மாநகராட்சியையும் பேசி முடித்துவிடுங்கள். மார்கழி முதல் வாரம் பிள்ளைகளின் கணக்கெடுப்பு. மார்கழி மூன்றாம் ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை மேஜை, பதினொரு மணிக்கு வண்டி. இன்சுலேஷன் டேப் பத்துச் சுருளாவது வாங்கி வையுங்கள். எங்களிடம் இருந்த மூன்று சுருளும் முதல் அரை மணி நேரத்திலேயே தீர்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்திருக்கும் எலெக்ட்ரிக்கல் கடையைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.